மிதித்தால் அடங்கும் சத்தம்

அத்தியாயம் ஆறு

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கொட்டாவியாருக்கு ஒரு கொட்டாவி வந்துவிட்டது. ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, மறுகையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, லாரிக் கொட்டகையின் இரும்புக் கேட்டைப் பார்த்தபடி நின்றார்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, அப்புறம் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அங்கேயும் நசுங்கின வண்டிகள்தான் தேடி வந்தன. தூக்கம் போயே போய்விட்டது. தொழில் வட்டாரத்தில் எல்லோரும் கொட்டாவியார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் விட்டுவிட்டார். மறுத்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"மாமா, கேட்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? ஹாரன் அடிக்கவும்னு போட்டிருக்கு. நீங்க இன்னொரு கொட்டாவி விடுங்க, தானா தெறந்துடுவாங்க."

இப்படிப் பேசியவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. எந்த வேலையும் அவனிடம் ஒட்டவில்லை என்று மனைவி இவர் தலையில் கட்டிவிட்ட உதவியாளன். கை மெதுவாகத்தான் வேலை செய்யும். வாய் அப்படியில்லை.

"பேசாம வா மாப்ள. நாலு மணிக்கு வாகன இன்ஸ்பெக்டர் வந்துடுவாரு. அதுக்குள்ள முடிக்கணும்."

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, இந்தக் கொட்டகையின் சரிவுப் பாதையில் சுமையோடு இறங்கிய பழைய லாரி ஒன்று நிற்காமல் போய்க் கேட்டுத் தூணில் மோதியது. குறுக்கே வந்த வாட்ச்மேன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர். ஆனால் மறுநாள் காலையில் நாலு பேர் முன்னால் அதே வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்தபோது, மிதித்த இடத்தில் கச்சிதமாக நின்றது. அப்படியானால் டிரைவர் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டினார் முதலாளியம்மா. சாவியை அப்போதே வாங்கித் தன் மேஜையில் போட்டுப் பூட்டி, இன்ஸ்பெக்டர் வரும்வரை யாரும் வண்டியில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். இன்றைக்கு இன்ஸ்பெக்டரும் பிரேக் சரியென்று எழுதிவிட்டால் டிரைவரின் லைசென்ஸ் போகும். கேஸ் வரும். ஓய்வுக்குக் காத்திருக்கிற வயதில் மனுஷர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

இவர்களை வரவழைத்தவள் டிரைவரின் மகள். கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் இருப்பவள். போனில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"நான்தான் கூப்பிட்டேன்னு அங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். அப்பாகிட்டகூட வேண்டாம். நீங்களே ஒரு தடவை அந்த வண்டிய ஓட்டிப் பாருங்க. முன்பக்கம் கடகடன்னு ஒரு சத்தம் வரும். அதை மட்டும் விட்டுடாதீங்க."

பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

கொட்டாவியார் தன்னுடைய பழைய இன்சூரன்ஸ் அட்டையை நீட்டி உள்ளே போனார். அட்டையிலிருந்த தேதியைக் கட்டைவிரல் மறைத்துக்கொண்டது. முதலாளியம்மா அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில், மேஜை மேல் முழங்கையை ஊன்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்குங்க. கேட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்" என்று சாவியை எடுத்துப் போட்டார். "அந்த ஆள் மேல எனக்குப் பகை கிடையாது. கண் அசந்துட்டேன்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வக்கீல் வெச்சு நானே காப்பாத்தியிருப்பேன். பிரேக் மேல பழியப் போடறாரு பாருங்க, அதான் ஆத்திரமா வருது. என் மெக்கானிக் கை வெச்ச பிரேக் ஒரு நாளும் பிடிக்காம போனதில்ல."

"மெக்கானிக் இருக்காராம்மா?"

"எங்க போவாரு? வண்டியச் சுத்திச் சுத்தித்தான் வர்றாரு."

சொன்ன மாதிரியே மெக்கானிக் லாரிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, தோளில் எண்ணெய்த் துணி. இவர்களைப் பார்த்ததும் எதிர்கொண்டு வந்தார். வரும்போது அவர் சட்டைப் பாக்கெட்டில் ஏதோ தகரச் சாமான் கிணுகிணுவென்று ஆடியது. சட்டென்று கையை வைத்து அழுத்திக்கொண்டார். சத்தம் அடங்கியது.

கொஞ்ச தூரத்தில் சுவரோரமாக ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு. முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லியும் தினம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவரும் இந்தப் பக்கம் நிமிரவில்லை.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல போலிருக்கே மாமா" என்று மச்சினன் காதருகே கிசுகிசுத்தான்.

"உனக்கு ஏன் அந்தக் கவலை? வண்டில ஏறு."

கொட்டாவியார் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, மறுகாலையும் தூக்கி வைத்து டிரைவர் சீட்டில் ஏறினார். கிழட்டு லாரிதான். ஆனால் சுத்தமாக இருந்தது. சீட்டுக் கிழிசலைக் கூட யாரோ அக்கறையாக நூல் கோத்துத் தைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் எல்லா லைட்டும் ஒரு தடவை எரிந்து அணைந்தது. பிரேக்குக்கான சிவப்பு லைட்டும் நல்ல பிள்ளையாக அணைந்துகொண்டது.

கொட்டகை மைதானம் குண்டும் குழியுமாக இருந்தது. முதல் குழியில் இறங்கியதுமே முன்பக்கத்தில் சத்தம் கிளம்பியது. கடகட, கடகட.

"அக்கா கோவமா பாத்திரம் கழுவற மாதிரியே இருக்கு மாமா."

"என்னைக்காவது போய் ஒத்தாசை பண்ணியிருக்கியா?"

"இல்ல. சத்தம் நல்லா கேக்கற தூரத்துல உக்காந்திருப்பேன்."

ஒரு சுற்று சுற்றி நிறுத்தியதும் மெக்கானிக் ஜன்னலருகே வந்தார்.

"மோதின வண்டி சார். பம்பர் ஒரு பக்கம் விட்டுப்போச்சு. அதான் ஆடுது."

நியாயமாகத்தான் இருந்தது. பம்பர் வாய் கோணித் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டாவியார் மச்சினனை இறக்கி, கயிற்றால் பம்பரை அசையாமல் இறுக்கிக் கட்டச் சொன்னார். அவன் போட்ட முடிச்சுகளைப் பார்த்தால், பம்பர் இனி ஜென்மத்துக்கும் அந்த வண்டியை விட்டுப் போகாது போலிருந்தது. மறுபடி ஒரு சுற்று. கடகட.

"அப்ப கீழ ஏதாவது ஜாயின்ட் லூசாயிருக்கும்" என்றார் மெக்கானிக். "இடிச்சா அதுங்கதான் மொதல்ல போகும்."

"இருக்கலாம்" என்று கொட்டாவியார் ஒரு கொட்டாவி விட்டார். "மாப்ள, முன்னாடி ஏறிக் குதி."

"என்னது?"

"பம்பர் மேல ஏறி நின்னு வண்டிய மேலயும் கீழயும் ஆட்டு. ஜாயின்ட் போயிருந்தா நின்ன இடத்துலயே தட்டும்."

மச்சினன் ஏறி நின்று தன் கனம் முழுவதையும் போட்டு ஆட்டினான். வண்டி ஏறி இறங்கியது. ஸ்பிரிங் முனகியது. கடகட சத்தம் மட்டும் வரவில்லை.

"போதும், எறங்கு."

"இவ்வளவு படிச்சது இதுக்குத்தானா மாமா?"

"நீ எங்கடா படிச்ச?"

மூன்றாவது சுற்றில் கொட்டாவியார் மைதானத்தின் மோசமான பகுதியைத் தேர்ந்தெடுத்து ஊர்ந்தார். சத்தம் விடாமல் வந்தது. அப்புறம் பிரேக் பெடலை லேசாக, வண்டி நிற்காத அளவுக்கு, மிதித்துப் பிடித்துக்கொண்டே அதே குழிகளில் இறங்கினார்.

"இப்ப கேளு மாப்ள."

"நின்னுடுச்சு."

காலை எடுத்தார். "இப்ப?"

"வந்துடுச்சு." மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மறுபடி மிதிங்க. நின்னுடுச்சு. எடுங்க. வந்துடுச்சு. இந்த வித்தை அக்காகிட்ட பலிக்குமா மாமா?"

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டாமா?"

வண்டியை நிறுத்தினார். மச்சினனுக்குப் புரியும்படி, அலுப்போடுதான் என்றாலும், எடுத்துச் சொன்னார். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைக்குத்தான் பேட் என்று பேர். அந்த பேட் ஆடாமல் உட்கார ஒரு சின்ன ஸ்பிரிங் கிளிப் உண்டு. கிளிப் இல்லையென்றால் பேட் கூட்டுக்குள் லொடலொடவென்று ஆடும். குழியில் இறங்கினால் கடகடக்கும். மிதித்தால் தட்டைக் கவ்விக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்.

"அப்ப சத்தம் பிரேக்குக்குள்ளேருந்தே வருதா?"

"ஆமா. பம்பரும் இல்ல, ஜாயின்ட்டும் இல்ல." இறங்கினார். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "வா, டிரைவரப் பாப்போம்."

டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார். கொட்டாவியார் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"இந்தச் சத்தம் ரொம்ப நாளா இருக்கா?"

"சத்தமா? என் வண்டிலயா?" அவமானப்பட்டவர் மாதிரி நிமிர்ந்தார் டிரைவர். "ஒரு ஆணி லூசானாகூட எனக்குத் தெரிஞ்சுடும் சார். முன்னாடி ஒரு சத்தமும் கிடையாது. லைட்டு ஒண்ணுதான் தொல்லை பண்ணிட்டிருந்தது."

"எந்த லைட்டு?"

"பிரேக் லைட்டு. செவப்பு. சரிவுல எறங்கினா எரியும். சமதரைக்கு வந்தா அணைஞ்சுடும். மொதல்ல ஹேண்ட் பிரேக்தான் சரியா எறங்கலையோன்னு தட்டித் தட்டிப் பாத்தேன். அது இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னேன். பிரேக் ஆயில ஊத்தினாங்க. அணைஞ்சுது. கொஞ்ச நாள்ல மறுபடி எரிஞ்சுது. மறுபடி ஊத்தினாங்க, அணைஞ்சுது."

"யாரு ஊத்தினது?"

டிரைவர் திரும்பவும் தரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல சார்."

நகர்ந்து வந்ததும் மச்சினன் ஆரம்பித்துவிட்டான். "ஆணி லூசானா தெரியுமாம். சீட்டுக் கிழிசல் தெரியுமாம். ஆயில் ஊத்தின கை மட்டும் மறந்துபோச்சாம். இந்த மறதி எனக்கு இருந்தா நானும் நிம்மதியா இருப்பேன்."

கொட்டாவியார் பானட்டைத் திறக்கச் சொன்னார். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி, மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. டப்பாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் தகரம் இன்னும் பளபளத்தது, துரு பிடிக்கக்கூட நேரமாகவில்லை.

"மாப்ள, சக்கரத்தைக் கழட்டு."

"நானா?"

"பின்ன, அக்காவ வரச் சொல்லட்டுமா?"

மெக்கானிக் ஜாக்கியோடு வரவில்லை. இந்த மாதிரி சமயத்தில் எந்த மெக்கானிக்கும் இன்னொருவனைச் சக்கரத்தில் கை வைக்க விடமாட்டான், தள்ளிக்கோ என்று தானே உட்கார்ந்துவிடுவான். இவர் தோள் துணியைக் கையில் எடுத்து முறுக்கிக்கொண்டு தள்ளியே நின்றார். கொட்டாவியார் அதையும் பார்த்துவைத்தார்.

மச்சினன் வியர்வை சொட்டச் சொட்டச் சக்கரத்தை எடுத்தான். உள்ளே பேட் புத்தம் புதுசு. கம்பெனிக்காரன் பேட்டில் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் கோடுகூட அழியவில்லை. ஆனால் அது கவ்வ வேண்டிய இரும்புத் தட்டில் விரல் நகம் உட்காரும் ஆழத்துக்கு வரி வரியாகப் பள்ளம். கிளிப் இருக்க வேண்டிய இடம் காலி.

"புது பேட் இப்படிக் கீறுமா மாமா?"

"கீறாது. பேட் தேஞ்சு தீந்து, பின்னாடி இருக்கற இரும்பு வெளிய வந்தாத்தான் கீறும். இரும்பும் இரும்பும் உரசினா எங்க பிடிக்கும்? அதுவும் சுமையோட, சரிவுல." கொட்டாவியார் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "டிரைவர் தூங்கல. பிரேக் நெசமாவே பிடிக்கல."

"அப்ப மறுநாள் எப்படிப் பிடிச்சுது?"

"மொதல்லேருந்து வா. பேட் தேயத் தேய டப்பால ஆயில் எறங்கும். சரிவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கினா லைட்டு எரியும். ஒழுகின அடையாளம் எங்கயும் கிடையாது, எல்லாம் காஞ்சு கிடக்கு. அப்ப லைட்டு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், பேட்டப் பாருங்கடான்னு. இவங்க ஆயில ஊத்தி அதோட வாய அடைச்சுட்டாங்க. லைட்டு அணைஞ்சா வியாதி போச்சுன்னு நெனைப்பு. பேட் பாட்டுக்குத் தேஞ்சுகிட்டே இருந்திருக்கு."

"சரி."

"புது பேட் போடணும்னா உள்ள இருக்கற பிஸ்டனப் பின்னாடி தள்ளணும். தள்ளினா ஆயில் திரும்ப டப்பாவுக்கு ஏறும். ஏற்கெனவே ஊத்தி வெச்ச டப்பா வழியும். வழிஞ்சிருக்கு. பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரிஞ்சுடும். உரிஞ்சது பழசா, புதுசா?"

"புதுசு." மச்சினன் விசில் அடிக்க வாயைக் குவித்து, மாமா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சாயங்காலம் மோதியிருக்கு. காலைல நாலு பேர் பாத்திருக்காங்க. நடுவுல யாரோ வந்து மாத்திட்டாங்க. அவசரத்துல கிளிப் போடல. அதுக்கப்புறம் போடலாம்னா சாவி முதலாளியம்மா மேஜைக்குப் போயிடுச்சு, வண்டிய யாரும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. மாமா, அந்தம்மாவேதான் ஆள் வெச்சு..."

"அந்தம்மாவா இருந்தா நமக்குச் சாவி குடுத்திருக்குமா?"

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. டிரைவர் எழுந்து வந்து நின்றிருந்தார். கழற்றிக் கிடந்த சக்கரத்தையும், பள்ளம் விழுந்த தட்டையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"போதும் சார். மாட்டிடுங்க" என்றார்.

"என்ன சொல்றீங்க? உங்கள விடுவிக்கற சாட்சி இது."

"எனக்கு வேண்டாம். நான் தூங்கிட்டேன்னே எழுதிட்டுப் போகட்டும். மறுநாள் காலைல வண்டி நகந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் வண்டில இல்லாத சத்தம் அது. ராத்திரியோட ராத்திரியா யாரு கை வெச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" டிரைவர் மெக்கானிக் நின்ற திசையில் தலையை ஆட்டினார், பார்க்காமலே. "அவரு என் சம்பந்தி சார். என் பொண்ண அந்த வீட்லதான் குடுத்திருக்கேன். நாளைக்கு மாமனார உள்ள வெச்சவரோட மகள்னு அவ அந்த வீட்ல எப்படி இருப்பா? எனக்கு இனிமே என்ன? ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. அவளுக்கு ஆயுசு பூரா இருக்கு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சினன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான்.

கொட்டாவியாருக்கு உடம்பெல்லாம் சோர்வாக இருந்தது. சரியான பதிலைக் கண்டுபிடித்த அன்றைக்கெல்லாம் அவருக்கு இப்படித்தான் ஆகும். கண்டுபிடிக்காமல் வீடு திரும்பின நாள்களில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். மூடின கண்ணுக்குள் ஒரு விஷயம் உறுத்தியது.

"மாப்ள, அந்தப் பொண்ணு போன்ல என்ன சொல்லிச்சு?"

"ஓட்டிப் பாருங்க, சத்தம் வரும், விட்டுடாதீங்கன்னு."

"சத்தம் எப்ப பொறந்தது?"

மச்சினன் விரலை மடக்கப் போய், பாதியில் நிறுத்தினான். "பேட் மாத்தினதுக்கு அப்புறம். அதுக்கப்புறம் வண்டி இந்தக் கேட்டைத் தாண்டவே இல்லையே. டிரைவர் சொல்லியிருப்பாரோ?"

"நான் யார்கிட்டயும் மூச்சு விடல" என்றார் டிரைவர். "எந்தப் பொண்ணு? யாரச் சொல்றீங்க?"

கொட்டாவியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லவேளை, அதற்குள் கேட்டுப் பக்கம் காலடி கேட்டது. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஒரு இளம்பெண் வந்துகொண்டிருந்தாள். டிரைவரின் மகளாகத்தான் இருக்க வேண்டும். மாமனாருக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறவள் போலிருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. கழற்றிய சக்கரத்தைப் பார்த்ததும் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

கொட்டாவியார் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் தனியாகப் போனார்.

"உனக்கு முன்னாடியே எல்லாம் தெரியும், இல்லையாம்மா?"

அவள் மறுக்கவில்லை. "மறுநாள் ராத்திரி மாமா அடுப்படில அத்தைகிட்ட சொல்லி அழுதாரு சார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நான்தான் லைட்ட மதிக்காம விட்டேன், மழைல சறுக்கிடுச்சுன்னு எழுதி விட்டுடுவாங்கன்னு நெனைச்சு பேட்ட மாத்தினேன், கிளிப் கூடப் போடல, கடகடங்குது, இப்ப சம்பந்தி தலைல வந்து விடிஞ்சிருச்சேன்னு சொன்னாரு. அத்தை வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க." கேரியரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "என் வாயால சொன்னா, வாழ வந்த வீட்டைக் காட்டிக் குடுத்தவ ஆயிடுவேன். சொல்லலன்னா, எங்கப்பாவ நானே உள்ள தள்ளினவ ஆயிடுவேன். யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல ஆயிடுச்சு சார். அதான் வண்டியே சொல்லட்டும்னு உங்களக் கூப்பிட்டேன்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் கொட்டாவியார். "நீ கூப்பிட்டதை, அதாவது. மத்தத சொல்லித்தான் ஆகணும்."

அவள் தலையை ஆட்டினாள்.

மணி நாலை நெருங்கியது. முதலாளியம்மா அறையை விட்டு வெளியே வந்து கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டாவியார் நேராக மெக்கானிக்கிடம் போனார்.

"பாக்கெட்ல என்ன இருக்கு?"

மெக்கானிக்கின் கை மறுபடி நெஞ்சுக்குப் போனது. அப்புறம் உள்ளே நுழைந்து, சின்னச் சின்ன ஸ்பிரிங் கிளிப்புகளை அள்ளி எடுத்தது. புதுசு, எண்ணெய் படாதது.

"மறுநாள் கடை தெறந்ததுமே வாங்கிட்டேன்" என்றார். "வந்து பாத்தா சாவி மேஜைக்குள்ள, வண்டியத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. தினமும் எடுத்துட்டு வர்றேன், எடுத்துட்டுப் போறேன். நீங்க பெடல லேசா மிதிச்சுக்கிட்டே ஓட்டினீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, முடிஞ்சுதுன்னு. அந்த லைட்டு எரியுதுன்னு அவரு ரெண்டு தடவ சொன்னாரு சார். சக்கரத்தைக் கழட்ட சோம்பல் பட்டுக்கிட்டு, ரெண்டு தடவையும் நான் ஆயில ஊத்தி அனுப்பிச்சேன்."

"இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

மெக்கானிக் வேறு கேட்டார். "உங்கள யாரு வரச் சொன்னது?"

"தொழில்ல அதை மட்டும் சொல்றதில்ல."

"சத்தம் வரும், அதப் பாருங்கன்னு சொல்லித்தான் வந்திருக்கீங்க. ஏறினதும் குழியத் தேடித் தேடி எறக்கினீங்க." அவர் கையிலிருந்த கிளிப்புகளைப் பார்த்தார். "இந்த விஷயம் எங்க வீட்டு அடுப்படியத் தாண்டல."

கொட்டாவியார் கொட்டாவி விட முயன்றார். வரவில்லை. எவ்வளவோ பேரைக் கண்டுபிடித்த மனுஷர், தன் கட்சிக்காரியைக் காப்பாற்ற ஒரு நல்ல பொய் கிடைக்காமல் நின்றார்.

மெக்கானிக் நிமிர்ந்து, தூணோரம் டிபன் கேரியரோடு நின்ற மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். "யாருய்யா டிரைவர்?"

டிரைவர் ஒரு அடி எடுத்து வைத்தார். "நான்தான் சார். நான் வந்து, அன்னிக்கு..."

"சம்பந்தி, நில்லுங்க" என்றார் மெக்கானிக்.

அத்தனை நாளில் சம்பந்தியிடம் அவர் பேசின முதல் வார்த்தை அது. டிரைவர் நின்றுவிட்டார். மெக்கானிக் மைதானத்தைக் கடந்துபோய், கையை விரித்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினார்.

"மொதல்ல என்கிட்ட கேளுங்க சார். அந்த வண்டி பிரேக் பிடிக்கல. மறுநாள் பிடிச்சதுக்குக் காரணம் நான். இது அதுல இருக்க வேண்டிய கிளிப்."

முதலாளியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் கிளிப்பையும் மனுஷரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்த சக்கரத்தை நோக்கி நடந்தார். டிரைவர் கவிழ்ந்த பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தப்பித்ததற்கா, மகளுக்காகவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மெக்கானிக் இன்ஸ்பெக்டர் பின்னால் நடந்தவர், தூணருகே வந்ததும் நின்றார். மருமகள் நிமிரவில்லை.

"மாமா" என்றாள்.

"சாப்பாட்ட உங்கப்பாவுக்குக் குடும்மா. ஒரு வாரமா அவரு ஒழுங்கா சாப்ட மாதிரி தெரியல." மெக்கானிக் தோள் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "குடுத்துட்டு நம்ம வீட்டுக்குப் போ. நான் வர லேட்டாகும்னு அத்தைகிட்ட சொல்லு. ஏன்னு கேட்டா, நானே வந்து சொல்றேன்னு சொல்லிடு. நீ எதுவும் சொல்ல வேண்டாம். உனக்கு எதுவும் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். மெக்கானிக் லாரிப் பக்கம் போனார். கொட்டாவியாரும் மச்சினனும் கேட்டைத் தாண்டும்போது, அவள் அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.